கோலார் பாறையின் வயது: கருவியும் கணக்கும்

கோலார் தங்கவயலின் தங்கம் கிடந்த படலப்பாறைப் பட்டை, தெற்கு வடக்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் சில கி.மீ. அகலமும் உடையது. அதன் இருபுறமும் நைஸ் பாறை பரந்து கிடக்கிறது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் இந்தப் பட்டையைக் குடைந்தனர்; சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் தாண்டியது. ஆனால் இருபுற நைஸும் ஒரே நிலத்தின் பகுதிகளா என்பதை ஆழம் சொல்லவில்லை. அதற்குப் பாறையின் வயது தெரிய வேண்டியிருந்தது.

நைஸில் கிடக்கும் சிர்கான் மணிகள் அந்த வயதைக் காத்து வைத்திருக்கின்றன. அவற்றிலுள்ள யுரேனியம் மெல்லச் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம்-238இன் அரை ஆயுள் 446.8 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235க்கு 70.4 கோடி. மிகச் சிறிய மணியை அமிலத்தில் கரைத்து, பிசின் நிரப்பிய மெல்லிய குழாயில் ஊற்றினால், யுரேனியமும் ஈயமும் தனித்தனியே சொட்டும். இது குரோமட்டோகிராபி. பிரிந்த ஈயத்தை உலோக இழையில் பூசிச் சூடேற்றும்போது அயனிகள் எழுகின்றன. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் காந்தம் அவற்றை நிறைவாரியாக வளைக்க, ஒவ்வோர் ஐசோடோப்பின் மின்னோட்டமும் பதிவாகிறது.

அந்த மின்னோட்டம் அப்படியே வயதாகிவிடாது. இழையிலிருந்து லேசான ஐசோடோப் முந்திக்கொண்டு வெளியேறும். ஆய்வக அமிலங்களிலும் சிறிது ஈயம் இருக்கும். மணி உருவானபோதே உள்ளே புகுந்த ஈயமும் உண்டு. மூன்றையும் சரிசெய்த பிறகே சரியான விகிதங்கள் கிடைக்கும். இரண்டு யுரேனியங்களும் தரும் வயதுகளை ஒரே வளைகோட்டில் பொருத்தும் முறையை ஆய்வாளர் வெதரில் 1956இல் வெளியிட்டார். பிழையோடு கூடிய புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்தும் வழியை யார்க் என்ற ஆய்வாளர் 1966இல் தந்தார். 1980களில் அமெரிக்க நிலவியல் அளவைத்துறையின் கென்னத் லட்விக் இக்கணக்குகளை ஐசோபிளாட் என்ற கணினி நிரலாக்கினார்.

அதே பத்தாண்டில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வி. ராஜமணி, எஸ். பாலகிருஷ்ணன் ஆகியோரும் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஹேன்சன், ஈ. க்ராக்ஸ்டட் ஆகியோரும் கோலாரை ஆராய்ந்தனர். மேற்குப் புற நைஸ்கள் 263.1 கோடி, 261 கோடி, 255.1 கோடி ஆண்டுகள் எனப் பல காலத்தவை. கிழக்குப் புறத்தது 253.2 கோடி. பட்டைக்குள் இருந்த எரிமலைப் பாறைகளும் கிழக்கிலும் மேற்கிலும் வெவ்வேறு மூலத்தவை. 253 கோடி முதல் 242 கோடி ஆண்டுகளுக்கு முன், தனித்தனி நிலங்கள் நகர்ந்து மோதி இங்கே ஒட்டின என்று 1989இல் சயன்ஸ் இதழில் அவர்கள் எழுதினர். புவித்தட்டு நகர்வு அத்தனை பழைமையானது என்பதற்குத் தங்கவயல் சான்றாயிற்று.

கிழக்கின் வயதுக்கும் மேற்கின் மிக இளைய வயதுக்கும் இடையே 1.9 கோடி ஆண்டுகளே வேறுபாடு. கிழக்கு வயதின் பிழையெல்லை 30 லட்சம். பிழையைக் கணக்கிடாமல் விட்டிருந்தால் அந்த வேறுபாட்டை நம்பியிருக்க முடியாது. கோலாரின் இரு நிலங்களை வேறுபடுத்திக் காட்டியதில் கருவிக்கு உள்ள பங்கு கணக்குக்கும் உண்டு.