சின்ன மேடையிலிருந்து பெரிய மேடைக்கு: டேனியல்சனும் மெக்கின்னஸும்

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 26. நியூயார்க் நகரின் மான்ஹாட்டன் சென்டரில் இரண்டு மல்யுத்த வீரர்கள் மோதினார்கள். ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த பிரையன் டேனியல்சன். மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த நைஜல் மெக்கின்னஸ். 'ரிங் ஆஃப் ஆனர்' என்ற சிறிய நிறுவனத்தில் இருவருக்கும் அது விடைபெறும் போட்டி. இருவருமே டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்குப் போகிறார்கள் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. டேனியல்சன் வென்றார். ரசிகர்கள் இருவரையும் எழுந்து நின்று வழியனுப்பினார்கள்.

ஆனால் பெரிய நிறுவனத்துக்குள் நுழைந்தவர் ஒருவர்தான். மற்றவரைத் தடுத்தது திறமைக் குறைவு அல்ல, ஒரு மருத்துவப் பரிசோதனை. தொழில்முறை மல்யுத்தத்தில் சிறிய மேடையிலிருந்து பெரிய மேடைக்கு ஏறுவது என்றால் என்ன என்பதை இந்த இருவரின் கதையைப் போல வேறெதுவும் தெளிவாகச் சொல்லாது.

இண்டி மேடைகள் எப்படி வந்தன?

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படும். இது இன்று ரகசியம் இல்லை. ஆனால் விழுவது நிஜம், அடிபடுவது நிஜம், எலும்பு முறிவதும் நிஜம். பார்ப்பவர்களை நம்ப வைத்து, கூட்டத்தைக் கையில் வைத்திருப்பவரே நல்ல வீரர்.

1990-களின் இறுதியில் அமெரிக்காவில் தேசிய அளவில் மூன்று நிறுவனங்கள் இருந்தன: டபிள்யூ.டபிள்யூ.எஃப்., டபிள்யூ.சி.டபிள்யூ., ஈ.சி.டபிள்யூ. 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வை டபிள்யூ.டபிள்யூ.எஃப். விலைக்கு வாங்கியது. அதே சமயத்தில் ஈ.சி.டபிள்யூ. திவாலானது. ஆக, ஒரே வருடத்தில் மூன்று வாசல்கள் ஒன்றாகிவிட்டன. அந்த ஒரு வாசலின் பெயர் 2002-ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று மாறியது. உலகம் முழுக்க மல்யுத்தம் என்றாலே அந்தப் பெயர்தான் என்ற நிலை உருவானது.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. சிறு அரங்குகளிலும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களிலும் நூற்றுக்கணக்கான பேர் முன்னிலையில் போட்டிகள் நடத்தினார்கள். இவற்றைத்தான் இண்டிபெண்டன்ட், சுருக்கமாக இண்டி, என்பார்கள். ஈ.சி.டபிள்யூ. வீடியோக்களை விற்றுவந்த 'ஆர்.எஃப். வீடியோ' என்ற கடைக்குத் திடீரென்று விற்கச் சரக்கு இல்லாமல் போனது. அப்படியானால் நாமே போட்டி நடத்தி, நாமே படம் பிடித்து விற்போம் என்ற யோசனையில் பிறந்ததே ரிங் ஆஃப் ஆனர். முதல் நிகழ்ச்சி 2002 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. அதன் முக்கியப் போட்டியில் இறங்கிய மூவரில் ஒருவர் டேனியல்சன்.

இண்டி வீரரின் வாழ்க்கை சொகுசானது அல்ல. மாதச் சம்பளம் கிடையாது; போட்டிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ள வேண்டும். ஒரு இரவு ஒரு ஊர் என்றால் மறு இரவுக்குப் பல மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். இடைவேளையில் தானே மேசை போட்டு டி-ஷர்ட்டும் டிவிடியும் விற்க வேண்டும். அடிபட்டால் பார்த்துக்கொள்ள நிறுவனத்தின் காப்பீடு கிடையாது. அடிபட்டு வீட்டில் இருந்தால் வருமானமும் கிடையாது. இந்தக் கடைசி விஷயம்தான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

இரண்டு வீரர்கள்

டேனியல்சன் 1981-ல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் என்ற ஊரில் பிறந்தவர். 1999-ல் டெக்சாஸில் ஷான் மைக்கேல்ஸ் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். மறு வருடமே டபிள்யூ.டபிள்யூ.எஃப். அவரைப் பயிற்சி ஒப்பந்தத்தில் எடுத்து மெம்ஃபிஸுக்கு அனுப்பியது. அங்கே வில்லியம் ரீகல் அவருக்கு ஆசான் போல வாய்த்தார். ஆனால் 2001-ல் அந்த ஒப்பந்தம் போய்விட்டது. அதாவது, டேனியல்சனுக்குக் கதவு ஒருமுறை திறந்து மூடியும் விட்டது. அதன் பிறகு எட்டு வருடங்கள் இண்டி மேடைகள், ஜப்பான், இங்கிலாந்து என்று சுற்றினார். 2005 செப்டம்பரில் ரிங் ஆஃப் ஆனர் சாம்பியன் ஆகி, 462 நாட்கள் பட்டத்தை வைத்திருந்தார்.

மெக்கின்னஸ் 1976-ல் லண்டனில் பிறந்தவர். மல்யுத்தம் கற்பதற்காகவே அமெரிக்காவுக்கு வந்து, ஒஹையோவில் லெஸ் தாட்சரிடம் பயின்றார். பழைய பிரிட்டிஷ் பாணிப் பிடிகளை அமெரிக்க ரசிகர்களுக்குப் பிடிக்கும்படி செய்து காட்டியவர். 2007 அக்டோபரில் இதே பட்டத்தை வென்று 545 நாட்கள் வைத்திருந்தார். கணக்குப் பார்த்தால் டேனியல்சனை விட அதிக நாட்கள்!

இருவரும் பலமுறை மோதியிருக்கிறார்கள். அதில் ரசிகர்கள் இன்றும் பேசுவது 2006 ஆகஸ்ட் 12 அன்று லிவர்பூலில் நடந்தது. அன்று மெக்கின்னஸின் தலை ரிங்கின் இரும்புத் தூணில் மீண்டும் மீண்டும் மோதி ரத்தம் கொட்டியது. முடிவு தீர்மானிக்கப்பட்டதுதான், ரத்தம் தீர்மானிக்கப்பட்டதல்ல. பெரிய நிறுவனத்தின் கண்ணில் படாத ஒரு மேடையில் இருவரும் தங்கள் உடம்பை இப்படித்தான் செலவழித்தார்கள்.

ஒரு பரிசோதனை

2005 நவம்பரில் எடி கெர்ரேரோ 38 வயதில் இறந்தார். அதையடுத்து 2006-ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. வீரர்களின் உடல்நலத்துக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது. புதிதாக வருபவர்களையும் மருத்துவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். இது தேவையான மாற்றம்தான், மறுக்க முடியாது.

ஆனால் மெக்கின்னஸுக்கு அதுவே வினையாக அமைந்தது. சாம்பியனாக இருந்தபோது அவருடைய கைத்தசை கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்யாமல், ஓய்வில் ஆறவிட்டு மறுபடி மேடை ஏறிவிட்டார். காப்பீடு இல்லாத இண்டி வீரர்கள் பலர் செய்வதுதான் இது. பரிசோதனையில் அந்தப் பழைய காயம் தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு வரச் சொன்னார்கள். அவர் அதற்கு உடன்படாமல் போட்டி நிறுவனமான டி.என்.ஏ.வில் 'டெஸ்மண்ட் வுல்ஃப்' என்ற பெயரில் சேர்ந்தார்.

முரணைக் கவனியுங்கள். எந்த உழைப்பைப் பார்த்து அவரை அழைத்தார்களோ, அதே உழைப்பு விட்டுச்சென்ற காயம்தான் அவரைத் தடுத்தது.

டி.என்.ஏ.வில் கர்ட் ஆங்கிளுடன் மோதிய போட்டிகளால் தொடக்கத்திலேயே பெயர் வாங்கினார். ஆனால் 2010-ல் அவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரியவந்தது. 2011 முடிவதற்குள் மல்யுத்தத்திலிருந்தே விலகிவிட்டார். கடைசிச் சுற்றுப்பயணத்தைத் தானே ஆவணப்படமாக எடுத்தார். நினைத்தது நடக்காமல் போன ஒருவர் அதை மறைக்காமல் சொல்லும் படம் அது.

உள்ளே போனவர் கதை

சரி, கதவு திறந்த டேனியல்சனுக்கு எல்லாம் கிடைத்ததா? முதலில் போனது அவர் பெயர். நிறுவனம் தனக்கு உரிமையான பெயரைத்தான் விரும்பும். அதனால் பிரையன் டேனியல்சன், 'டேனியல் பிரையன்' ஆனார். 2010 பிப்ரவரியில் என்.எக்ஸ்.டி. என்ற புது நிகழ்ச்சியில் அவர் ஒரு 'புதுமுகம்'. பத்து வருட அனுபவம் உள்ள அவருக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டவர் தி மிஸ், ஒரு ரியாலிட்டி ஷோவிலிருந்து மல்யுத்தத்துக்கு வந்தவர். வர்ணனையாளர் மைக்கேல் கோல் வாராவாரம் டேனியல்சனைக் கிண்டல் செய்தார். அந்த நிகழ்ச்சியில் அவருக்கு ஒரு வெற்றிகூடத் தரப்படவில்லை.

அதே ஜூனில், புதுமுகங்கள் சேர்ந்து அரங்கையே துவம்சம் செய்வதாக ஒரு காட்சி. அதில் அறிவிப்பாளர் ஒருவரின் கழுத்தை அவருடைய டையாலேயே டேனியல்சன் இறுக்கினார். அது நிறுவனத்தின் விதிமுறைகளை மீறிய காட்சி என்று சொல்லி, சில நாட்களில் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இரண்டாவது முறையும் கதவு மூடியது! அவர் மறுபடி இண்டி மேடைகளுக்கே போனார். ரசிகர்கள் ரிங்குக்குள் டைகளை வீசி வரவேற்றார்கள். ஆகஸ்ட் 15 அன்று சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

2012 ரெஸில்மேனியாவில் வெறும் 18 நொடிகளில் அவரைத் தோற்க வைத்தார்கள். அங்கேதான் திருப்பம். மறுநாள் அரங்கு முழுக்க அவருடைய 'யெஸ்! யெஸ்!' கோஷம் எழுந்தது. நிறுவனம் போட்ட திட்டத்தைக் கூட்டம் ஏற்கவில்லை. அடுத்த இரண்டு வருடங்களும் அந்தக் கோஷம் ஓயவில்லை. 2014 ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த ரெஸில்மேனியாவில், 75,167 பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டத்தின் முன், ஒரே இரவில் டிரிபிள் ஹெச்சையும், பிறகு ரேண்டி ஆர்ட்டன், பாடிஸ்டா இருவரையும் வென்று உலக சாம்பியன் ஆனார்.

அது முடிவாக இருந்திருந்தால் சினிமாக் கதை. அடுத்த மாதமே கழுத்தில் அறுவை சிகிச்சை. ஜூனில் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தலையில் பட்ட அடிகளின் காரணமாக 2016 பிப்ரவரி 8 அன்று ஓய்வை அறிவித்தார். உள்ளே போனவரையும் கடைசியில் நிறுத்தியது ஒரு மருத்துவ அறிக்கைதான்.

2016 டிசம்பரில் மெக்கின்னஸ் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்குள் நுழைந்தார், வர்ணனையாளராக. ஏழு வருடம் தாமதமாக, வீரராக இல்லாமல், கோட்டும் சூட்டும் போட்டு!

பதினைந்து வருடங்கள்

டேனியல்சன் பல மருத்துவர்களைப் பார்த்து, 2018 மார்ச்சில் அனுமதி பெற்று ரிங்குக்குத் திரும்பினார். 2021-ல் ஏ.ஈ.டபிள்யூ. என்ற புதிய நிறுவனத்துக்கு மாறி, தன் சொந்தப் பெயரைத் திரும்பப் பெற்றார். 2019-ல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் இண்டி வீரர்களுக்கு இரண்டாவது பெரிய வாசலாக அமைந்தது. மெக்கின்னஸும் 2023-ல் அங்கே வர்ணனைக்கு வந்தார். 2024 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், 12 வருடங்களுக்கு மேல் கழித்து, ரிங்கில் இறங்கினார்.

2024 செப்டம்பர் 25 அன்று அதே நியூயார்க் நகரில், ஆர்தர் ஆஷ் டென்னிஸ் அரங்கில் டேனியல்சனும் மெக்கின்னஸும் மறுபடி மோதினார்கள். பதினைந்து வருடத்துக்கு ஒரே ஒரு நாள் குறைவு. அன்றும் டேனியல்சனே வென்றார். அவருக்கு வயது 43, மெக்கின்னஸுக்கு 48.

திறமை இருந்தால் முன்னேறலாம் என்பார்கள். இவர்கள் கதையில் திறமை இருவரையும் வாசல் வரை கொண்டுவந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு தசைக் கிழிசலும், ஒரு காப்பீடு இல்லாமையும், நிறுவனம் நினைத்ததை ஏற்க மறுத்த ஒரு கூட்டமும் சேர்ந்து மீதியை முடிவு செய்தன. டேனியல்சனின் வெற்றியைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம். அவருக்குச் சமமான ஒருவர் அதே இரவில் அதே ரிங்கிலிருந்து இறங்கிப் போனார். பட்டியல்களில் அவர் பெயருக்கு நேரே டபிள்யூ.டபிள்யூ.ஈ. பட்டம் எதுவும் இல்லாமல் போனதற்கு அவருடைய மல்யுத்தம் காரணமே இல்லை.