தீவகத்துப் பிள்ளைகளும் படிப்புச் செலவும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் மேற்படிப்புக்கு உதவி கேட்பது என்றால் தங்க இடமும் சாப்பாடும் கேட்பது என்றே நெடுங்காலம் பொருள்பட்டது. நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ உயர் வகுப்புக்குப் போகும் பிள்ளை கடலைக் கடந்து வேற்றூரில் இருந்தாக வேண்டும். பாடசாலைக் கட்டணம் அந்தச் செலவில் ஒரு பங்குதான்.

இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்தவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அவர்கள் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கி, மாணவரை அங்கேயே தங்கவைத்து உணவும் உடையும் கொடுத்துப் படிப்பித்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 டொலர் அனுப்பும் அமெரிக்கர் ஒரு மாணவனைத் தாங்கலாம்; அவனுக்கு இடவேண்டிய பெயரையும் அவரே சொல்லலாம். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்கள் அந்த ஏற்பாட்டின் சுவடுகள். விண்ணப்பப் படிவம் எதுவும் இருக்கவில்லை. மிஷனரியின் மதிப்பீடே தீர்ப்பு. வேதபாடமும் ஆராதனையும் அதற்கான விலை. செமினரி 1855இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, தீவுகளில் பள்ளிக்கூடம் நடத்தும் வேலையை, 1832இல் யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்களே அமைத்த சுதேச சுவிசேஷ சங்கம் ஏற்றிருந்தது.

ஊர்காவற்றுறையில் கத்தோலிக்கத் திருச்சபை வேறொரு வழியைத் திறந்தது. 1913இல் கரம்பனில் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள், ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்புக் குருமடம் ஆகியவற்றைக் கடந்து 1930களில் உரோமாபுரி வரை சென்றார். இந்த வழி குருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கானது. சைவர் தரப்பில் 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராகப் பாடசாலைகளைப் பெருக்கியது. ஆனால் அவை பெரும்பாலும் தமிழ்ப் பாடசாலைகள். உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலைகளோ கட்டணம் வாங்கின. அந்தக் கட்டணத்தையும் விடுதிக் காசையும் பல வீடுகளில் மலாயாவிலிருந்து வந்த சம்பளமோ, கொழும்பில் நடந்த கடையோ கட்டியது. மாமனோ பெரியப்பாவோ பிறநாட்டிலோ கொழும்பிலோ இல்லாத வீட்டுப் பிள்ளை ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும்.

நிலைமையை மாற்றியது கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி. அவருடைய குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் கட்டணம் நீங்கியது. தீவகத்தைப் பொறுத்தவரை அதனினும் பெரிய மாற்றம் மத்திய கல்லூரிகள்தான். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைக்கு அங்கே விடுதியும் சாப்பாடும் கிடைத்தன. தீவகத்திலேயே இருந்த வேலணை மத்திய கல்லூரி அவற்றுள் ஒன்று. ஆள்பார்த்துக் கொடுத்த உதவி, பரீட்சைப் புள்ளியைப் பார்த்துக் கொடுக்கும் உரிமையானது இந்த இடத்தில்தான்.

பல்கலைக்கழகம் மட்டும் தொலைவிலேயே இருந்தது. 1942இல் கொழும்பில் தொடங்கி, பின்னர் பேராதனைக்குப் போன இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வீட்டார் ஈடுவைப்பதும் கடன்படுவதும் வழக்கம். யாழ்ப்பாணத்துக்கு வளாகம் வந்தது 1974இல். அதே காலத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் தீவகத்துக்கு இரட்டைச் சுமையாயின. இன்றும் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கிய 5 வீத இடங்களில் யாழ் மாவட்டத்துக்கும் பங்குண்டு. ஆனால் மாவட்டத்துக்குள் நகரத்துப் பெரிய கல்லூரி மாணவனும் நெடுந்தீவு மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். இது நியாயமான கணக்கு அல்ல.

1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால், வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில், பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல நிதியம் உருவானது. கண்காட்சிச் சந்தைகளும் லொத்தர்ச் சீட்டும் அதற்குப் பணம் சேர்த்தன. பெறுபேற்றின் பேரிலும் பெற்றோர் வருமானத்தின் பேரிலும் அதன் உதவிப்பணம் கொடுக்கப்படுகிறது. அது கிடைக்காதவர்களில் வசதி குறைந்தோருக்குப் பர்சரி என்ற உதவிப்பணம் உண்டு. வருமானத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும்.  அதற்குமேல் பிரதேச செயலகம். நெடுந்தீவுக்குச் சொந்தச் செயலகம் இருக்கிறது. நயினாதீவு வேலணைச் செயலகத்தின் கீழ் வருவதால், அங்குள்ளவர்கள் ஒரு கையெழுத்துக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். மீன்பிடித்தும் பனந்தொழில் செய்தும் நாளுக்கு நாள் மாறும் வருமானத்தை ஆண்டுத் தொகையாக எழுதுவதும் எளிதன்று.

1990இல் போர் தீவுகளை ஏறக்குறைய வெறுமையாக்கியது. வெளிநாடு போனவர்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் ஊர்ப்பெயரில் ஒன்றியங்கள் அமைத்து மாணவருக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஆட்கள் அதிகம் போன ஊருக்கு அதிகம் வருகிறது. எழுவைதீவு போன்ற சிற்றூர்களின் பங்கு சிறியது. அரசின் உதவியிலும் மாற்றம் வந்தது: மாதம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. விடுதி கிடைக்காமல் வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவருக்கு வாடகையும் சாப்பாடும் சேர்ந்த மாதச் செலவை அத்தொகை ஈடுசெய்யாது.