முற்றத்துச் சுவரும் கடலுப்பும்

புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முகப்பிலேயே நின்றுவிடுகின்றனர். அவ்வீடுகளின் ஆயுள் உள்ளே, முற்றத்துச் சுவரின் அடிப்பகுதியில் தீர்மானமாயிற்று.

1761இல் ஆங்கிலேயர் தகர்த்த நகர், 1765க்குப் பின் ழான் லா தெ லொரிஸ்தோன் ஆளுநராயிருந்த காலத்தில் பழைய தெருக்கட்டத்தின் மீதே மீண்டெழுந்தது. கால்வாய்க்குக் கிழக்கே, பிரெஞ்சு வீடுகளின் முற்றம் உயர்ந்த மதிலுக்குள் தோட்டத்தோடு அமைந்தது. மேற்கே, தமிழர் வீடுகளில் திண்ணையையும் நடையையும் கடந்தபின் தூண்கள் சூழ வானம் பார்த்துக் கிடந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் மரத்தூண் முற்றம் இதற்குச் சான்று. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இரு பகுதிகளுக்கும் பொது.

கடலோர நிலத்தின் ஈரத்தில் உப்புக் கரைந்திருக்கும். விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோலச் செங்கற்சுவர் அவ்வீரத்தை மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது. அதன் வழியே ஈரம் காற்றில் கலந்துவிட, உப்பு பூச்சில் தங்கிப் பூக்கும்; பூச்சு பொரிந்து உதிரும். செங்கல்லுக்கு வரவேண்டிய அழிவைப் பூச்சு ஏற்றுக்கொள்கிறது என்பதே இதன் பொருள். உதிர்ந்த இடத்தில் மீண்டும் பூசினால் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர் உலரத் தொடங்கும் வேளையில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தைச் சடங்காக மட்டுமே பதிவுசெய்யும் ஆய்வுகள் அதிலுள்ள கட்டடநுட்பத்தைத் தவறவிடுகின்றன. மழைக்கு முன் முற்றத்துச் சலதாரையைத் தூர்வாருவதும் அவ்வகைப்பட்டதே.

இந்தியாவில் சிமெண்டு தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நிகழ்ந்தது. 1914இல் போர்பந்தரில் ஆலை உற்பத்தி நிலைபெற்றது. நாளடைவில் பழுதுபார்க்கும் பொருளாகவும் சிமெண்டே ஆயிற்று. சிமெண்டுப் பூச்சில் ஈரம் எளிதில் வெளியேறாது. சுவருக்குள்ளேயே இன்னும் உயரே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் செங்கல்லுக்குள் படிகமாகி அதை மாவாக்கும். முற்றத்துத் தரையில் இடைவெளியின்றிப் பளபளப்பு ஓடு பதித்தால், தரைவழி ஆவியாகியிருக்க வேண்டிய ஈரமும் சுவரையே நாடும். வெளியிலிருந்து பார்க்கையில் எல்லாம் புதிதாகவே தோன்றும்.

இதில் வீட்டுக்காரரைக் குறைகூறுவது எளிது, நியாயமாகாது. பாகப்பிரிவினையால் துண்டான வீட்டில் பொது முற்றத்துக்குச் செலவிடப் பங்காளிகள் உடன்படுவது அரிது. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்துப் பூசும் கொத்தனாரும் அரியவர். சிமெண்டு மூட்டையோ அடுத்த தெருவில் கிடைக்கிறது. 2002க்குப் பின் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் வைசியாள் வீதியில் நடந்த சீரமைப்பு மதிக்கத்தக்கது. எனினும் அதன் நோக்கு தெருமுகப்பின் மீதே இருந்தது. பராமரிப்பின்மை அரசுக் கட்டடத்தையும் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து வீழ்ந்தது.

பழுதுபட்ட முற்றத்துச் சுவரில் முதலில் செய்யத்தக்கது, ஈரம் ஏறிய உயரத்துக்குச் சற்று மேல்வரை சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுதும் சுவரை உலரவிடுவது. சுண்ணாம்பு பூசுவது அதன் பிறகே.