ஒப்புதல் கோரிக்கை: வரிவரியாக ஓர் உரை

ஒரு மருத்துவமனையில் உள்ள நம் பதிவை வேறொரு மருத்துவர் பார்க்க வேண்டுமானால், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் ‘ஆபா’ செயலிக்கு ஓர் ஒப்புதல் கோரிக்கை வருகிறது. அதிலுள்ள வரிகளின் சாரத்தை, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துப் படிப்போம். அவருடைய ரத்த அழுத்த மாத்திரை, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர் கையால் வீட்டுக்கே வருகிறது. ரத்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில். இடுப்புவலி வந்தால் சாயங்காலம் தனியார் கிளினிக்கில் ஊசி. மூன்று இடத்துக்கும் பொதுவாக இருப்பது அவர் கையிலுள்ள பிளாஸ்டிக் பைதான்: பாதி கிழிந்த மாத்திரை அட்டை, வியர்வையில் மை கலைந்த சீட்டு.

‘கேட்பவர் யார்?’

கிளினிக்கின் பெயரும் மருத்துவர் பெயரும் இங்கே இருக்கும். தெரியாத பெயர் என்றால் மறுத்துவிடலாம்.

‘எதற்காக?’

சிகிச்சை, பொதுச் சுகாதாரம், மருத்துவக் கட்டணம், ஆய்வு என்று நோக்கங்கள் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. சிகிச்சைக்கு ‘சரி’ சொன்னவர் காப்பீட்டுக் கணக்குக்கும் ‘சரி’ சொன்னதாக ஆகாது. அவசரத்தில் தாண்டிப் போகக் கூடாத வரி இது.

‘எந்த ஆவணங்கள், எந்தத் தேதி முதல் எதுவரை?’

உரையில் அதிகம் நிற்க வேண்டிய இடம் இதுதான். வெயிலில் நாளெல்லாம் உப்பு வாருகிறவர் உடம்பில் நீர் வற்றும். அதோடு எனலாபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு டைக்ளோஃபினாக் வலி ஊசி போட்டால் சிறுநீரகம் கெட வாய்ப்புண்டு. ஆறு மாதத்துக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் மாத்திரைச் சீட்டும் கண்முன் இருந்தால், கிளினிக் மருத்துவர் அந்த ஊசியை எடுக்கும் முன் யோசிப்பார். ஆக, பரிசோதனை அறிக்கையும் மருந்துச் சீட்டும், ஒரு வருடத்துக்கு, போதும். பத்து வருடத்துக்கு முந்தைய பிரசவக் குறிப்பு இடுப்புவலிக்கு எதற்கு? கோரிக்கையில் கேட்டதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆவண வகையையும் தேதியையும் நோயாளியே குறைக்கலாம். இந்த உரிமையை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வீடு தேடி வரும் தன்னார்வலரைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும்: பதிவுகள் எழுதப்பட்ட இடத்திலேயே இருக்கின்றன, ஒப்புதல் கிடைத்த பிறகே நகர்கின்றன. எந்த இடத்துப் பதிவு நோயாளியின் 14 இலக்க ஆபா எண்ணோடு இணைக்கப்படவில்லையோ, அதைக் கேட்டாலும் வராது.

‘எப்போது முடிகிறது?’

குறுகிய காலமே நல்லது.

‘திரும்பப் பெறலாம்’

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது. ஒப்புதல் கோரிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். தமிழ் அதில் உண்டு.

‘ஒப்புதல் அளி / மறு’

இந்தப் பொத்தானை அழுத்துவது யார் விரல்? அந்த உப்பளப் பெண்ணின் கணவர் மீனவர் என்று வைத்துக்கொள்வோம். தருவைகுளம் போன்ற ஊர்களில் விசைப்படகு பல நாள் கடலில் தங்கும். வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட்போன் கணவரோடு படகில் போய்விட்டால், ஓடிபி சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகும். மனைவியோ கிளினிக் பெஞ்சில் காத்திருப்பார். அல்லது போன் மகனிடம் இருக்கும். அம்மாவின் நோய் எதுவென்று அவர் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். ஆபா கட்டாயமில்லை, அது இல்லாமலும் சிகிச்சை தந்தாக வேண்டும். இருந்தாலும் அந்தப் பெண்ணின் சிறுநீரகத்தைக் காக்கக்கூடிய தகவல் அதற்குள் இருக்கிறது. அவர் பெயரிலேயே ஓர் எண், அவர் கையிலேயே ஒரு போன் என்பதை ஆரம்ப சுகாதாரச் செலவாகவே அரசு கணக்கில் எழுத வேண்டும்.