ரோமிடெப்சின்: இசிஜிக்கு முன்பே தொடங்க வேண்டிய கவனம்

தோலில் தோன்றும் டி-செல் லிம்போமாவுக்குச் சிரை வழியே செலுத்தப்படும் ரோமிடெப்சினுக்கு 2009-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இம்மருந்தின் பாதுகாப்பு என்றதும் பேச்சு இசிஜி தாளுக்கே போய்விடுகிறது. தொடக்கக்கால ஆய்வுகளில் டி-அலை தட்டையாவதும் எஸ்டி பகுதி தாழ்வதும் பலரிடம் காணப்பட்டதால் அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் ரோமிடெப்சின் இதயத்துடிப்பைக் கூட்டுகிறது. அப்போது துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்தும் பாசெட் சூத்திரப்படி கணக்கிட்டால், இசிஜியில் அளக்கும் க்யூடி இடைவெளி உள்ளதைவிட நீண்டதாகத் தெரியும். ஆபத்தின் பெரும்பகுதி இம்மருந்தில் அல்ல, அது சென்று சேரும் உடலின் நிலையிலும் அந்த உடலில் முன்பே இருக்கும் பிற மருந்துகளிலும் உள்ளது என்பதே என் வாதம்.

28 நாள் சுற்றில் 1, 8, 15-ஆம் நாள்களில், உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 14 மி.கி. வீதம், நான்கு மணி நேரம் இது செலுத்தப்படுகிறது. குமட்டலும் வாந்தியும் மிகச் சாதாரணம். நோயாளி சாப்பிடுவதில்லை; பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்குகின்றன. வாந்தியை அடக்கத் தரும் ஒன்டான்செட்ரானும் க்யூடியை நீட்டக்கூடியது. இரண்டும் சேரும்போதுதான் இதயத்துக்கு உண்மையான ஆபத்து. ஆகவே போன வார இரத்த அறிக்கையை வைத்துக்கொண்டு இந்த வார மருந்தைத் தொடங்குவதை ஏற்க முடியாது.

இந்தியச் சூழலில் இதைவிடக் கவலை தருவது பழைய மருந்துச் சீட்டு. இந்த லிம்போமாவின் ஒரு வகையான மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸ் நெடுங்காலம் படர்தாமரை போலவோ கரப்பான் போலவோ தோற்றம் காட்டும். நிறம் வெளிறிய வகையைத் தொழுநோய்த் தேமல் என்றே எண்ணிவிட இடமுண்டு. படர்தாமரைக்கு எழுதப்படும் இட்ராகோனசோல், ரோமிடெப்சினைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைத் தடுக்கும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அட்டையில் ரிஃபாம்பிசின் இருக்கும். அந்த நொதியைத் தூண்டும் மருந்து என்பதால், அது ரோமிடெப்சினின் அளவைக் குறைக்கும் என்றே மருந்தியல் படித்த எவரும் ஊகிப்பார்கள். அளந்து பார்த்தபோது நேர்மாறாக, உடலில் சேரும் மருந்தின் அளவு ஏறத்தாழ 80 விழுக்காடு கூடியிருந்தது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். தொழுநோய் அட்டையிலுள்ள குளோஃபாசிமினும் க்யூடியை நீட்டும். கொழுப்புத் திசுவில் தங்கிவிடுவதால், நிறுத்திய பிறகும் பல மாதங்கள் உடலில் இருக்கும். "இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால் அது வெளிவராது. கடந்த ஓராண்டின் சீட்டுகளையும் காலி அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாக வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் பி கிருமி மீண்டும் தலைதூக்கலாம் என்பதால் அந்தப் பரிசோதனையும் முன்கூட்டியே தேவை. வெடித்த தோல் வழியே ஸ்டஃபைலோகாக்கஸ் எளிதில் புகும். காய்ச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இம்மருந்துக்குப் பலன் காட்டியவர்கள் முதன்மை ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கினர்தான். நோயோ பெரும்பாலும் மெதுவாக நகர்வது. பொட்டாசியத்தைச் சரிசெய்ய ஓரிரு நாள் காத்திருப்பதால் பெரும்பாலானவர்கள் எதையும் இழப்பதில்லை. அவசரப்படுத்தினால் உயிரே போகலாம். எனவே குப்பியைக் கரைப்பதற்கு முன் அன்றைய இரத்த அறிக்கையையும் முழு மருந்துப் பட்டியலையும் பார்த்து, ஐயம் எழுந்தால் மருந்தைத் தயாரிக்க மறுக்கும் அதிகாரம் மருந்தாளுநருக்கு எழுத்து வடிவில் தரப்பட வேண்டும். மருத்துவர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அந்தத் தடை நீங்க வேண்டும்.