அமெரிக்க மிசன் ஊழியர் தமிழ் பயிலல் (யாழ்ப்பாணம்)

பொஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்க மிசன் சங்கம் 1816 முதல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய ஊழியர்கள், ஊருக்குள் குடியிருந்து தமிழையும் வழக்கங்களையும் கற்றுக்கொண்ட முறை. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை நிலையங்கள் முந்தியவை. புதிய ஊழியர் வருவதை 1820இல் ஆளுநர் தடுத்தார். தடை நீங்கிய 1830களில்தான் தென்மராட்சியின் சாவகச்சேரிக்கு மிசன் வந்தது.

வந்தவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் உள்ளூர்ப் பண்டிதர்கள். இந்தக் கூட்டுறவில் விளைந்தது மானிப்பாய் அகராதி (1842): சுமார் 58,500 சொற்கள், தொகுத்தவர் சந்திரசேகர பண்டிதர்.

தமிழில் ஆழ ஊறியவர்களுள் ஒருவர் மருத்துவர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்து மானிப்பாயில் தங்கிய அவர், 1860களில் தம் மருத்துவ வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அவர் தமிழில் வெளியிட்ட உடற்கூற்று நூலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) என்று பெயர். எல்லாவற்றுக்கும் தமிழ்ச்சொல் தேடி அலையவும் இல்லை. இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ (1875) ஆயிற்று. ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ் வால், அவ்வளவே.

கற்றதன் நோக்கம் மதமாற்றம். அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. கற்பித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், பிரசங்கத்தையும் அச்சையும் மிசன் ஊழியர்கள் கையாண்ட விதத்தை அருகிலிருந்து பார்த்தவர். 1847 டிசம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடமும் திறந்தார்.