ஓரி நிற்கும் செம்மேடு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் பயணி, சோளக்காட்டைத் தாண்டிச் செம்மேட்டை அடைகிறார். கொல்லிமலை வட்டத்தின் தலைமையிடம் இவ்வூர். இதன் நடுவே வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் விரைவோர், பலாவும் அன்னாசியும் மிளகும் விலை பேசுவோர் எனப் பலரும் இங்கு வந்து போகின்றனர். சிலையின் முன் சற்று நேரம் நின்று, ‘இவன் ஏன் இங்கே நிற்கிறான்?’ என்று கேட்பவர் சிலரே. கேட்டால் வியப்பான விடை கிடைக்கும். இங்கே நிற்பவன் போரில் வென்றவன் அல்லன், தோற்று மடிந்தவன்.

சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு ஒரு பெருந்தெரு இருந்தது. அதைப் பற்றி நமக்குச் சொல்பவர் கபிலர். நற்றிணையின் 320ஆம் பாடல் அகப்பாடல். போரைப் பாடுவது அதன் நோக்கமன்று. தெருவில் ஒருத்தி நடந்து செல்ல, ஊரே ஆரவாரித்ததைச் சொல்ல வந்த புலவர், அதற்கோர் உவமை தேடுகிறார். ஓரியைக் கொன்ற காரி, அவனது பெருந்தெருவில் புகுந்தபோது எழுந்த பேரொலியே அவர் நெஞ்சில் எழுகிறது. தலைநகரம் ஒன்று வீழ்ந்த நாளின் ஓசை, ஓர் உவமையில் ஒதுங்கி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மலையமான் திருமுடிக்காரியை வாழ்த்திக் கபிலர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. வென்றவனைப் போற்றிய புலவரின் செவியிலேயே தோற்ற ஊரின் ஒலி தங்கிவிட்டது. காரியும் கொடியவன் அல்லன். கடையெழு வள்ளல்களாகச் சிறுபாணாற்றுப்படை எண்ணும் எழுவரில் காரியும் ஒருவன், ஓரியும் ஒருவன். கொடையால் ஒப்பான இருவர் களத்தில் எதிர்நின்றனர்; ஒருவன் மாண்டான். ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் காரி என்று கல்லாடனார் அகநானூற்றின் 209ஆம் பாடலில் கூறுகிறார். பலா மரங்கள் பயன்தரும் மலை என்று அவர் கொல்லியைக் குறிப்பிடுவது, இன்றைய பயணிக்கும் கண்கூடு.

வென்றவர்களின் வெற்றி என்னவாயிற்று? காரியின் கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி வென்றதை ஒளவையார் பாடினார். அந்த அதியமானின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். அச்சேரர் குடியும் பின்னர் மறைந்தது. எந்த வெற்றியும் நெடுநாள் நிலைக்கவில்லை.

நிலைத்தது எது? வன்பரணர் காட்டும் காட்சி ஒன்று புறநானூற்றில் 152ஆம் பாடலாக உள்ளது. வறுமையால் வாடிய பாணர் கூட்டம் காட்டுவழியே வருகிறது. அங்கே ஒரு வேட்டுவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. அவன் யாரென அறியாமலே அவர்கள் பாடுகின்றனர். பாட்டில் ‘கோ’ என்ற சொல் வந்ததும், அது தன்னைக் குறிப்பதாகையால் அவன் நாணுகிறான். அவர்கள் தம் வறுமையைச் சொல்லுமுன்னே, வேட்டையில் கிடைத்த ஊனையும் தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டு வழியிலேயே கொடுத்துவிடுகிறான். அடுத்த பாடலில், ஓரியிடம் பெற்ற மிகுதியால் இரவலர் ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டதாக அதே புலவர் கூறுகிறார்.

கழைதின் யானையாரோ, இரத்தல் இழிவென்றும், கேட்டவர்க்கு இல்லையென்பது அதனினும் இழிவென்றும் இந்த ஓரியை நோக்கியே பாடினார். நாடறிந்த அந்த அறவுரை பிறந்தது இம்மலைத் தலைவனின் முன்னிலையில்தான்.

இன்று கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். ஓரியின் குடிவழி என்பது அவர்கள் மரபுக் கதையன்று. ஆயினும் ஆடித் திங்கள் 17, 18ஆம் நாள்களில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவில் அவர்கள் திரண்டு கூடுகின்றனர். தம் மலையின் அடையாளமாக அவனை ஏற்றுக்கொண்டுள்ளனர். உறவுமுறை குருதியால் மட்டும் வருவதில்லை.

தலைநகரங்களின் நடுத்திடல்கள் பெரும்பாலும் வென்றவர்க்கே உரியவை. 1805ஆம் ஆண்டு டிராபல்கர் கடற்போரின் வெற்றியை நினைவூட்டி, இலண்டன் மாநகரின் திடலில் நெல்சன் உயர்ந்த தூணின்மேல் நிற்கிறார். அவரும் அப்போரில் உயிர் நீத்தவரே. எனினும் தூண் எழுந்தது வெற்றிக்காக. உரோமையின் புனித பேதுரு சதுக்கமோ வேறு கதை சொல்கிறது. அதன் நடுவிலுள்ள எகிப்தியக் கல்தூண், ஒருகாலத்தில் நீரோ மன்னனின் பந்தய அரங்கில் நின்றது. பேதுரு கொல்லப்பட்டது அவ்வரங்கில் என்பது மரபு. 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அத்தூணை இன்றுள்ள இடத்திற்கு மாற்றினார். கொன்ற மன்னனின் அரங்கம் மறைந்தது. கொல்லப்பட்ட மீனவரின் பெயரால் சதுக்கம் விளங்குகிறது. ஓரி மறைசாட்சி அல்லன், அவன் போர்வீரன். ஆனால் வாளின் தீர்ப்பைக் காலம் மாற்றி எழுதும் என்ற உண்மையைச் செம்மேடும் தன் எளிய அளவில் உரைக்கிறது.

ஒரு மக்கள் கூட்டம் தன் ஊரின் நடுவே யாரை நிறுத்துகிறது என்பதில் அதன் உள்ளம் தெரியும். நம் ஊர் மன்றங்களிலும் ஆலய வளாகங்களிலும் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் வளர்ந்துள்ளது. ஒரு மின்விசிறியின் இறக்கையில்கூட ஒருவர் பெயர் சுழல்கிறது. ஓரியோ தன்னைக் குறித்த ஒரு சொல்லைக் கேட்டே நாணினான். அந்த நாணம்தான் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து செம்மேட்டின் நடுவே நிற்கிறது. அருவிக்குச் செல்லும் வழியில் அவன் முன் ஒரு கணம் நின்றுவிட்டுச் செல்வது நமக்கு நல்லது.